அம்மா பேரில் ஒரு சலுகை

"அம்மா எங்க இருக்காங்கன்னு ஒருத்தன் கேட்டா நீ என்ன—"

"மெதுவாப் பேசு கியாட், ஹாலுக்குக் கேக்குது."

"கேக்கட்டுமே! சோறு என் வீட்ல, ஐசி அட்டையில முகவரி உன் வீட்ல. இது என்ன நியாயம்க்கா?"

"நான் சொல்றத முழுசாக் கேளு. அந்த நேரத்துல எனக்கு—"

"உனக்கு எப்பவும் ஒரு நேரம் இருக்கும். எங்களுக்குத்தான் நேரமே கெடையாது."

சியூ எங் எட்டி, அடுப்புக்கு மேலிருந்த புகை உறிஞ்சும் விசிறியைத் தட்டிவிட்டாள். அடுப்பில் சட்டிகூட இல்லை. விசிறி ஹோவென்று இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் நின்றுகொண்டு அக்காவும் தம்பியும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சண்டை போட வேண்டியதாயிற்று.

பூன் கியாட் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் சட்டையோடு, முழங்கையில் கிரீஸ் காயாமல், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பாசிர் ரிஸில் இருந்த அக்கா வீட்டுக்கு ஓடிவந்திருந்தான். அம்மா புக்கிட் பாஞ்சாங்கில் அவன் வீட்டுக்கு வந்து எட்டு வருஷம். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, ராத்திரி எழுந்து அலைந்தால் பிடித்துப் படுக்க வைப்பது எல்லாம் அவன் மனைவி லே பெங். இப்போது அவளுக்கு முதுகில் தட்டு நழுவி, குனிந்தால் நிமிர முடிவதில்லை.

"போன செவ்வாக்கெழம ஏஜென்சிக்குப் போனேன்" என்றான். "லே பெங்கால முடியல, ஒரு பணிப்பெண் வெச்சுக்கலாம்னு. அங்க இருந்த பொண்ணு கம்ப்யூட்டரத் தட்டிட்டு, 'அங்கிள், பெரியவங்க உங்க முகவரியில இல்லியே, உங்களுக்குச் சலுகை வராதே'ங்கறா. நான் அவகிட்ட சண்டைக்கே போயிட்டேன். 'காலைல கஞ்சி குடுத்துட்டு வரேன், அது எங்கம்மாவா இல்ல பேயா?'ன்னு கத்தினேன். கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் அம்மாவோட ஐசிய நானே பின்பக்கம் திருப்பிப் பாக்கறேன், பாசிர் ரிஸ்னு ஒட்டியிருக்கு!"

"அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"ஞாயித்துக்கெழம வந்து மூஞ்சிக்கு நேரா கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அம்மாவே வந்து கேட்டுட்டாங்க."

உண்மையில் அப்படித்தான் நடந்திருந்தது.

இன்று காலை லே பெங் முதுகுக்குப் பயிற்சி எடுக்க மருத்துவமனைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள், துணி காயப்போட உள்ளே போனாள். அவ்வளவுதான். எண்பத்தோரு வயது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, ரயிலேறிவிட்டாள். பூகிஸ் நிலையத்தில் இறங்கி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஐசியை நீட்டி, "என்னை இங்க கொண்டு விடுங்க, எம் பொண்ணு வீடு" என்று கேட்டுக்கொண்டு நின்றாளாம். இளைஞரான ஒரு போலீஸ்காரர் பொறுமையாக வண்டியில் உட்காரவைத்து, அட்டையில் இருந்த முகவரிக்கே கொண்டுவந்துவிட்டார். கதவைத் திறந்தது சுமியாத்தி.

சுமியாத்தி ஜாவாக்காரி, இந்த வீட்டுப் பணிப்பெண். நாலு வருஷமாக இங்கே இருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாது, கற்றுக்கொடுக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

"இந்த அம்மா இங்க குடியிருக்காங்களா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"இல்ல சார். இவங்க இங்க இல்ல."

அம்மா ஐசியை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எழுதியிருக்கு பாரு, படி" என்றாளாம்.

பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த சியூ எங் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தபோது போலீஸ்காரர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். "என் அம்மாதான், என் அம்மாதான்" என்று மூச்சுவாங்க இரண்டு முறை சொன்னாள். அது பொய்யில்லை. அவருக்கு வேறொரு அழைப்பு வந்துவிட்டது. போகிற அவசரத்தில் தன்மையாகத்தான் சொன்னார்:

"இவங்கள மறுபடி எங்கயாவது பாத்தா எந்த வீட்டுக்குக் கொண்டு விடணும்னு நாங்க பதிஞ்சு வெக்கணும், ஆன்ட்டி. அட்டையில ஒண்ணு இருக்கு, உங்க ஹெல்ப்பர் ஒண்ணு சொல்றாங்க. வீட்ல பேசிக்குங்க. அஞ்சு மணிக்கு நானே போன் பண்றேன்."

இப்போது மணி நாலே முக்கால்.

"ஆறு வருஷம்!" என்றான் பூன் கியாட். "மாசத்துக்கு எவ்வளவு மிச்சம்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொல்லேன். தெரிஞ்சுக்கறேன்."

"எரநூத்தி நாப்பது" என்றாள் சியூ எங்.

பணிப்பெண் வைத்தால் அரசாங்கத்துக்கு மாதாமாதம் தீர்வை முந்நூறு வெள்ளி. வயதானவர் ஒருவர் கூடவே குடியிருந்தால் அறுபது. படிவம் நிரப்புவதில் சியூ எங்கை மிஞ்ச அந்தக் குடும்பத்தில் ஆளில்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழிலிருந்து தம்பியின் வீட்டு விண்ணப்பம்வரை அவள் கையெழுத்துதான். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து பக்கெட் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது, மூன்று மாசத்துக்கு என்றுதான் ஆள் வைத்தாள். மூன்று மாசம் முடிந்தது. கணவருக்கு இஸ்திரி போட்ட சட்டை பழகிவிட்டது, இரண்டு பையன்களுக்கும் மேசைக்கே வரும் சோறு பழகிவிட்டது. அவளுக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும், வேலைவிட்டு வந்ததும் காலை நீட்டி உட்காருவது பழகிவிட்டது. படிவத்தில் அம்மா பேருக்கு எதிரே 'உடன் வசிக்கிறார்' என்ற கட்டத்தில் ஒரு டிக். அதோடு ஒரு கையெழுத்து.

"பணம் போகட்டும்க்கா. பணத்துக்காகவா கத்தறேன்? தேர்தலன்னிக்கு நீயே காலைல வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகமிருக்கா? 'அக்காவுக்குத் திடீர்னு அம்மா மேல பாசம் பொங்குது பாரு'ன்னு லே பெங் சொன்னா. நான் அவளத் திட்டினேன். 'எங்கக்காவ அப்படிப் பேசாத'ன்னு திட்டினேன். கடைசில பாத்தா இந்த வட்டாரத்துலதான் அம்மாவுக்கு ஓட்டு!"

"ஓட்டுப் போட்டதும் சாப்பிடக் கூட்டிட்டுத்தான் போனேன்."

"பெரிய விருந்து!"

"கியாட், வாய அடக்கு."

"நீ அம்மாகிட்ட என்ன சொல்லி ஒட்டவெச்ச, அத மட்டும் சொல்லு. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. என்ன சொன்ன?"

சியூ எங் விசிறியைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சொட்டாகத் திரண்டு, விழுவேனா மாட்டேனா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மறக்க முடிந்தால்தானே. போலீஸ் நிலைய முகப்பில் ஒருவர் அட்டையை வாங்கி, புது முகவரி அச்சிட்ட சின்ன ஒட்டுத்தாளைப் பின்பக்கத்தில் ஒட்டி, கட்டைவிரலால் நீவிக் கொடுத்தார். "இது எதுக்கும்மா?" என்று அம்மா கேட்டாள். தீர்வை, சலுகை என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க சோம்பலாக இருந்தது. "இனிமே நீ எங்க வீட்டு ஆளும்மா, அதுக்குத்தான்" என்று சொல்லிவைத்தாள். வெறும் வாய்ப்பேச்சு. பிறகு கோப்பிக்கடையில் மீன்உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் வந்ததும் தன் கிண்ணத்திலிருந்த உருண்டை ஆறையும் மகளின் கிண்ணத்தில் எடுத்துப் போட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "லே பெங் தங்கமான பொண்ணு. ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இருந்தாலும் மக வீடு மக வீடுதான். நான் எந்தத் தேதி வரட்டும்?"

"வீட்ல டைல்ஸ் வேல நடக்குதும்மா. முடியட்டும்."

டைல்ஸ் வேலை எதுவும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அம்மா போனில், "டைல்ஸ் ஆச்சா?" என்றாள். அதற்கடுத்த மாதமும் கேட்டாள். பெரிய பையனுக்குப் பரீட்சை, சின்னவனுக்கு ராணுவப் பயிற்சி, கணவருக்கு ரத்தக்கொதிப்பு. ஒவ்வொரு முறையும் சியூ எங்குக்குக் காரணம் தயாராக இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். 'அப்பாடா, மறந்துட்டாங்க' என்று அன்று மனசுக்குள் ஓடிய வார்த்தை, இப்போது எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் திரும்பக் காதில் விழுந்தது.

"எங்க வீட்டு ஆளுன்னு சொன்னேன்" என்றாள்.

பூன் கியாட் உடனே கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அதான் அந்தப் பையா?"

"எந்தப் பை?"

"இன்னிக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்களே, அது. அவங்க கட்டிலுக்கு அடியில வருஷக்கணக்கா இருக்கு. ரெண்டு பிளவுஸ், ஒரு சீப்பு, துண்டு, தைலம். லே பெங் தொவைக்க எடுத்தா விட மாட்டாங்க. 'அது ஊருக்குப் போற துணி, வைய்யி'ம்பாங்க. மறதி வியாதியில இப்படித்தான் பேசுவாங்கன்னு டாக்டர்கிட்டகூட சொன்னோம்." அவன் கிரீஸ் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வியாதி இல்லக்கா அது. நீ வரச் சொல்லியிருக்க."

கதவு லேசாகத் திறந்தது. சுமியாத்தி தலையை நீட்டினாள். கையில் கஞ்சிக் கிண்ணம் காலியாக இருந்தது. பாட்டியை அவள் தன் மொழியில் 'நெனெக்' என்பாள்.

"மேடம், நெனெக் சாப்பிட்டாங்க. உப்பு முள்ளங்கி ரெண்டு தரம் கேட்டாங்க. குடுக்கலாமா, ரத்தக்கொதிப்பு இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு சியூ எங் தம்பியைப் பார்த்தாள். "குடுக்கலாமா?"

"கொஞ்சமா" என்றான் பூன் கியாட். "அவளுக்குத் தெரியல, சரி. உனக்குமா தெரியல?"

சுமியாத்தி போகவில்லை. பொங்கி வந்த எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் சியூ எங் அவள் மீதே கொட்டினாள். "நீ எதுக்கு 'இங்க இல்ல'ன்னு சொன்ன? மேடம் வந்து சொல்லுவாங்கன்னு சொல்லத் தெரியாதா? வாய் அவ்வளவு அவசரமா?"

"போலீஸ் கேட்டாரு மேடம். நாலு வருஷத்துல புத்தாண்டுக்குத்தான் நெனெக்க பாத்திருக்கேன், நாலே தரம். ஆரஞ்சு குடுத்தாங்க. அப்புறம் போயிட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "இப்பதான் ஐசி பாத்தேன். என் தப்பு மேடம். நெனெக்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். 'இது உங்க வீடுதான், எனக்குத் தெரியல'ன்னு சொன்னேன்."

"என்னன்னு சொன்ன?"

"'எந்த ரூம் எனக்கு'ன்னு கேட்டாங்க. வேற ரூம் இல்ல. அதனால என் ரூமக் காட்டினேன். போர்வை மாத்திட்டேன். நான் ஹால்ல பாய் போட்டுக்கறேன் மேடம், பரவால்ல."

பூன் கியாட் சிரித்தான். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூக்கால் ஒரு காற்று. "பாத்தியா? ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. இதுக்குத்தான் ஆறு வருஷம் டைல்ஸ் போட்டியா நீ?"

"டைல்ஸ் உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா எங்கிட்ட கேப்பாங்க. 'சியூ எங் வீட்ல டைல்ஸ் முடிஞ்சுதா'ன்னு. நானும் என்னமோ புரியாம, 'முடிஞ்சிருக்கும்மா' அப்படின்னு சொல்லுவேன்."

சுமியாத்தி இன்னும் நின்றாள். "மேடம், தீர்வை ஜாஸ்தி ஆனா என்ன அனுப்பிடுவீங்களா? பக்கத்து வீட்டு மேடம் வாசல்ல நின்னு சொன்னாங்க. என் பொண்ணு இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கா."

"போய் அம்மாவப் பாரு, போ" என்றாள் சியூ எங். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சுமியாத்தி கிண்ணத்தோடு போனாள். பிறகு பூன் கியாட் விரல்விட்டுச் சொல்கிறவன்போல நிதானமாகப் பேசினான்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. இங்கதான் இருக்காங்கன்னு சொல்றியா, சந்தோஷம், அம்மாவ வெச்சுக்கோ. துணிய நாளைக்குக் கொண்டுவந்து தரேன். இங்க இல்லன்னு சொல்றியா, மொத்தமாச் சொல்லு. போலீசுக்கும் சொல்லு, தீர்வை வாங்கற அரசாங்க அமைச்சுக்கும் எழுது. நானும் என் பொண்டாட்டியும் சட்டப்படி ஒரு ஆள வெச்சுக்கறோம். இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம்னு அம்மாவ இனிமே வெச்சிருக்க முடியாது."

"அமைச்சுல விடுவாங்களா? ஆறு வருஷப் பணத்தையும் திருப்பிக் கேப்பாங்க. அபராதம் போடுவாங்க. இனிமே ஆளே வெக்கக்கூடாதுன்னா சுமியாத்தி கதி?"

"அது உனக்கு டிக் போடறப்பத் தெரிஞ்சிருக்கணும்."

"வெச்சுக்கறேன்னா எங்க வெச்சுக்கறது? பகல்ல வீட்ல யாரு இருக்கா?"

"அவ இருக்கா இல்ல! அம்மா பேர்ல வந்தவதானே அவ? அம்மாவப் பாத்துக்கட்டும்!"

நியாயமாகப் பார்த்தால் அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அம்மா இங்கேயே இருந்துவிட்டால் படிவத்தில் போட்ட டிக் பொய்யாகாது, சுமியாத்தி போக வேண்டாம், லே பெங்கின் முதுகும் பிழைக்கும். எல்லாருக்கும் நல்லது. அதைச் சொல்ல வாய் வராதது ஏன் என்று சியூ எங் தன்னையே கேட்டுக்கொண்டாள். மாலையில் காலை நீட்டி உட்காரும் அந்தச் சோபாதான் கண்முன் வந்தது. சோபாவின் நடுவில், மடியில் துணிப்பையோடு, 'டைல்ஸ் நல்லாத்தான் இருக்கு' என்பதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டு அம்மா.

ஹாலில் போன் அடித்தது.

அவள் போன் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது. சியூ எங் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பூன் கியாட் பின்னாலேயே வந்தான். வந்தவன் திடீரென்று அவள் கையைப் பிடித்தான். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, முகம் சின்னப் பையன் முகமாக ஆகியிருந்தது.

"அக்கா, இங்கதான்னு சொல்லித் தொலை. போலீஸ் வேற. அப்புறமா நம்ம பாத்துக்கலாம். உன்ன எங்கயாவது கொண்டு போயிட்டா என்ன பண்றது?"

"விடு."

"ஆத்திரத்துல பேசிட்டேன். நீ சொல்லு, இங்கதான்னு."

அவள் கையை உருவிக்கொண்டு போனை எடுத்தாள். மறுமுனையில் அதே தன்மையான குரல், மாண்டரினில்: "ஆன்ட்டி, பேசினீங்களா? பெரியவங்க உங்ககூடத்தான் குடியிருக்காங்களா?"

"இல்ல" என்றாள் சியூ எங்.

சொன்னது காதில் விழுந்ததும் மீதி தானாக வந்தது. "அம்மா இங்க இல்ல. எப்பவுமே இங்க இருந்ததில்ல. என் தம்பி வீட்லதான் இருக்காங்க, புக்கிட் பாஞ்சாங்ல. தீர்வை கம்மியாகும்னு நான்தான் முகவரிய மாத்தினேன். பொய்யாத்தான் எழுதினேன். என் ஹெல்ப்பர் சொன்னதுதான் நெசம். மறுபடி வழி தவறிட்டா இங்க கொண்டு வராதீங்க. தம்பி வீட்டுக்குக் கொண்டு போங்க."

மறுமுனையில் பேனா எழுதும் இடைவெளி. "சரி ஆன்ட்டி. தீர்வை விஷயம் எங்களோடதில்ல, அத நீங்க அமைச்சுலதான் சொல்லணும். தம்பி முகவரி சொல்லுங்க." சொன்னாள். புளோக் நம்பரில் ஒரு தரம் தடுமாறினாள். பூன் கியாட் பக்கத்திலிருந்து திருத்தினான்.

போனை வைத்தபோது உடம்பு இலேசாயிற்று. ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியதால் வந்த இலேசு என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு நொடிதான். அம்மாவை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதே, அந்த இலேசும் அதற்குள் இருந்தது. எது எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்லியும் அம்மாவை வரவிடவில்லை, உண்மை சொல்லியும் வரவிடவில்லை. முகம் சுட்டது.

"எங்" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரு குரல்.

அம்மா சோபாவில் இல்லை. சுமியாத்தியின் அறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் பேசுவது தியோசூச் சீனம்தான் என்றாலும், சந்தையில் நாற்பது வருஷம் கீரை விற்றவள். மாண்டரின் அவளுக்கு நன்றாகவே புரியும். பின்னால் சுமியாத்தி, மாற்றி விரித்த போர்வையின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

"அம்மா" என்றான் பூன் கியாட். "வாங்கம்மா, போகலாம். லே பெங் தேடிட்டிருப்பா."

அம்மா மகனைப் பார்த்துத் தலையாட்டினாள். கோபம் இல்லை. சந்தையில் கடை மாறி வந்துவிட்ட ஆளைப்போல ஒரு சங்கடச் சிரிப்பு. கையிலிருந்த ஐசியைத் திருப்பி, தன்னால் படிக்க முடியாத அந்த ஒட்டுத்தாளை விரலால் ஒருமுறை தடவினாள். செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். இடது வலது மாறியது. சியூ எங் குனிந்து மாற்றி மாட்டினாள். அம்மாவின் குதிகால் வெடிப்பு கையில் உரசியது. எத்தனை வருஷமாயிற்று இந்தக் காலைத் தொட்டு என்று மனசு கணக்குப் போடத் தொடங்கியது. வேண்டாம் என்று நிறுத்தினாள்.

"தம்பிக்கு வேல இருக்கும், அவன அலைய வைக்காத" என்று தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது. "எனக்கு ஒரு டாக்சி புடிச்சுக் குடு, போதும். எங்க போகணும்னு டாக்சிக்காரன் கேட்டா மட்டும் நான் என்ன சொல்லட்டும், எங்?"